தோள்பட்டைத் தைலமும் உப்பு ஒத்தடமும்: முக்கூடல் பக்கத்தில் ஒரு மென்தால் புண்

முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்று. 48 வயதுப் பெண், தொழில் பீடி சுற்றுவது. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. பிடரியிலும் வலது தோள்பட்டையிலும் பல வருட வலி. ஒருநாள் இரவு, புதினா உப்பு (மென்தால்) கலந்து வீட்டில் செய்த தைலத்தைத் தேய்த்து, வறுத்த உப்பால் ஒத்தடம் வாங்கி, அதன் மேல் கட்டுப் போட்டுப் படுத்தார். காலையில் எழுந்தபோது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தைலம் தேய்த்தபோதும் ஒத்தடம் கொடுத்தபோதும் அவருக்குச் சூடே தெரியவில்லை. ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது.

அந்தக் கொப்புளம் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், அந்தப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெயரும் ஊரும் வராது என்று சொல்லி, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று பழைய திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றாத தெரு குறைவு. இரவே இலையை நனைத்து வைப்பார்கள். காலையில் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டி, சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலை நிமிர நேரமிருக்காது. தூளை வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்ற வேண்டும். கழுத்து குனிந்தபடி, தோள் லேசாகத் தூக்கியபடி மணிக்கணக்கில் இதே வேலை. கடைக்குக் கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்கும் வரை எழுந்திருக்க முடியாது. அதனால்தான் இந்த ஊர்களில் வலித் தைலம் அரிசி பருப்பு மாதிரி மாதச் சாமானாக வாங்கப்படுகிறது. பாம் டப்பா இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

பார்த்தது

காலையில் மகள்தான் கடைக்குக் கூட்டிவந்தார். "அண்ணாச்சி, கொப்புளத்துக்கு ஒரு களிம்பு தாங்க" என்று கேட்டார். முந்தானையை விலக்கிக் காட்டச் சொன்னேன். தோளின் பின்பக்கம் வெள்ளையாகக் காய்ந்துபோன பூச்சு ஒன்று தெரிந்தது. என்னவென்று கேட்டால், பற்பசை. "எரிச்சல் தாங்க முடியல, ஜில்லுன்னு இருக்கட்டும்னு பேஸ்ட் போட்டோம்" என்றார் மகள்.

சுத்தமான தண்ணீரால் பற்பசையைக் கழுவியதும் புண் முழுசாகத் தெரிந்தது. நடுவில் பெரிய கொப்புளம் இரண்டு, ஒன்று உடைந்து நீர் கசிந்திருந்தது. சுற்றிலும் ரத்தச் சிவப்பு. என் கண்ணை இழுத்தது புண்ணின் ஓரம்தான். மேல்பக்கத்தில் அது கோடு கிழித்த மாதிரி நேராக நின்றிருந்தது. தோல் ஒவ்வாமை இப்படிக் கோடு போட்டு நிற்பது அபூர்வம். ஏதோ ஒரு பொருளின் விளிம்பு அங்கே அழுந்தியிருக்க வேண்டும். இடது தோளையும் பார்த்தேன். அங்கே லேசான சிவப்பு மட்டும். கொப்புளம் இல்லை, வலி இல்லை.

களிம்பு கொடுத்து அனுப்புகிற புண் அது இல்லை. அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். தோலின் இரண்டாம் அடுக்கு வரை போன தீப்புண் என்று சொல்லி, சுத்தம் செய்து, ஒட்டாத வலைத்துணி வைத்துக் கட்டி, தடுப்பூசி போட்டு, ரத்தச் சர்க்கரையும் பார்த்து அனுப்பினார். சர்க்கரை சரியாகவே இருந்தது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் போயிருக்குமோ என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பாட்டிலில் இருந்தது

மறுநாள் அந்தத் தைல பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். செய்முறை மதினி சொன்னது. டவுனில் ஒரு நாட்டு மருந்துக்கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் 25 கிராம் வீதம் வாங்கி, ஒன்றாகப் போட்டு, உருகியதும் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் கலந்திருக்கிறார்கள். புதினா உப்பு என்பது மென்தால். ஓம உப்பு என்பது தைமால்.

இந்த மூன்றும் சேரும்போது நடப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மென்தால் கண்ணாடி ஊசி மாதிரி நீள நீளமாக இருக்கும். தனியாக இருந்தால் 42 முதல் 45 டிகிரியில்தான் உருகும். தைமால் 50 டிகிரியை ஒட்டி உருகும். கற்பூரம் உருக 175 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கினால், அடுப்பே இல்லாமல், முதலில் ஓரங்கள் ஈரமாகி, கட்டிகள் வழுக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முழுக்கத் தெளிந்த திரவமாகிவிடும். கலக்கும்போது ஒவ்வொன்றின் உருகுநிலையும் மற்றதால் கீழே இறங்குவதால் இப்படி நடக்கிறது. வேதியியலில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. வீட்டில் பார்க்கிறவர்களுக்கோ மருந்து "தானாகவே பாகமாகிவிட்டது" என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அளவு சரிதானா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுவதில்லை.

நான் அந்தக் கேள்வியைப் போட்டேன். 100 மில்லி தேங்காய் எண்ணெயின் எடை ஏறத்தாழ 92 கிராம். அதோடு 75 கிராம் சேர்ந்தால் 167 கிராம். அதில் மென்தால் 25 கிராம். அதாவது எடையில் 15 சதவீதம். கற்பூரமும் 15, தைமாலும் 15. மொத்தத்தில் பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வீரியப் பொருள்.

இதை எதோடு ஒப்பிடுவது? சளிக்கு நெஞ்சில் தடவுகிற சாதாரணக் களிம்பில் மென்தால் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் வலிக் களிம்புகளுக்கு மென்தால் 1.25 முதல் 16 சதவீதம் வரை, கற்பூரம் 11 சதவீதம் வரை என்று வரம்பு இருக்கிறது. இந்தத் தைலத்தில் மென்தால் அந்த வரம்பின் உச்சியில் நிற்கிறது. கற்பூரம் வரம்பைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்குத் தைமால். அது பீனால் இனத்தைச் சேர்ந்தது, செறிவாக இருந்தால் தனியாகவே தோலை அரிக்கக்கூடியது. ஆக, இந்தப் புண்ணுக்கு மென்தாலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் மற்ற இரண்டையும் தோலுக்குள் இறங்கவிட்டதிலும், எச்சரிக்கை மணியை அடைத்ததிலும் மென்தாலின் பங்கு பெரியது. மென்தால் தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்பு வரிசையைத் தளர்த்தி, கூட இருக்கும் பொருட்கள் உள்ளே போக வழிவிடும். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகளில் இதற்காகவே அதைச் சேர்ப்பதுண்டு.

நாம் சட்னிக்கு அரைக்கிற புதினாவிலிருந்து வருகிற பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று அந்தம்மா கேட்டார். நியாயமான கேள்வி. சந்தையில் கட்டாக வாங்கும் புதினா பெரும்பாலும் வேறு இனம். அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன், மென்தால் அதில் சொற்பம். மென்தாலுக்கென்று வளர்ப்பது மென்தா ஆர்வென்சிஸ் என்ற இனம். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, ராம்பூர், சம்பல் பக்கத்து வயல்களில் ரபி என்ற குளிர்காலச் சாகுபடி முடிந்ததும் நட்டு, மழைக்கு முன் அறுத்து, வயலோரமே நீராவியில் எண்ணெய் வடிப்பார்கள். லக்னோவில் உள்ள சீமாப் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள்தான் இந்தியாவை இயற்கை மென்தாலில் உலகின் முதல் நாடாக்கின. அந்த எண்ணெயில் 70 முதல் 80 சதவீதம் மென்தால். அதைக் குளிர்வித்தால் ஊசிப் படிகமாகப் பிரியும். வயல் வயலாக வடித்த எண்ணெயை இறுக்கி எடுத்த சாரத்தைத்தான் நாம் 25 கிராம் பொட்டலமாக வாங்குகிறோம். தழையின் சாதுவான குணத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

செடி இல்லாமலும் மென்தால் செய்கிறார்கள். ஜப்பானின் ரியோஜி நோயோரி கண்டுபிடித்த வினையூக்கியைக் கொண்டு தகாசாகோ நிறுவனம் 1980களிலேயே பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. நோயோரிக்கு 2001இல் வேதியியல் நோபல் கிடைத்தது. செய்த இடம் எதுவானாலும் மூலக்கூறு ஒன்றுதான், தோலில் செய்யும் வேலையும் ஒன்றுதான்.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தோல் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. வெப்பம் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது திறந்துகொண்டு, கால்சியம், சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, "குளிர்கிறது" என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். மென்தால் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால், அது திறக்கும் வெப்ப எல்லை மேலே ஏறிவிடுகிறது. தோலின் வழக்கமான 32, 33 டிகிரியிலேயே அது திறந்து, குளிர்கிறது என்று சொல்ல ஆரம்பிக்கிறது. 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரின் ஆய்வுக்குழுக்களும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்பதற்காக 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? மென்தால் தடவிய இடம் குளிர்ந்துவிடவில்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தால் சொல்லும்படியான மாற்றம் இருக்காது. நரம்பு மட்டும் குளிர் என்று சொல்லிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் வேர்க்குருப் பவுடர் போட்டால் முதுகு ஜில்லென்று இருக்கும், உடம்புச் சூடு அப்படியேதான் இருக்கும். மூக்கடைப்புக்கும் இதே கதை. பாம் முகர்ந்ததும் மூச்சு தாராளமாகப் போவது போலத் தோன்றும். மூக்கின் காற்றுத்தடையை அளந்து பார்த்தால் அது குறைந்திருப்பதில்லை. உணர்வுதான் மாறியிருக்கிறது. அந்த உணர்வே பெரிய நிம்மதி, தூங்க உதவும், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் குளிர் உணர்வு ஓங்கியிருக்கும் தோலில் வெதுவெதுப்பை உணரும் திறன் மங்குகிறது. இதுவும் சோதித்துப் பார்த்த விஷயம். சூட்டை அந்தத் தோல் சரியாகச் சொல்லாது. மென்தாலின் செறிவு கூடினால் இன்னொரு பக்கமும் இருக்கிறது: குளிர் போய் எரிச்சலும் குத்தலும் வரும். அந்த எரிச்சலைத்தான் "மருந்து நல்லா ஏறுது" என்று நம் ஆட்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எரிவது மருந்து ஏறுவதற்கான அடையாளம் இல்லை. கழுவச் சொல்லும் அடையாளம்.

எது சுட்டது

அந்த இரவின் வரிசையைத் தாயிடமும் மகளிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது.

வேலை முடிந்து, சாப்பிட்டு, மகள் தாராளமாகத் தைலம் எடுத்து இரண்டு தோளிலும் பிடரியிலும் தேய்த்திருக்கிறார். பிறகு கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, வலி அதிகமாக இருந்த வலது தோளில் மட்டும் ஒத்தடம். "எம்மா, சூடு தாங்குதா"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் வச்சேன் என்றார் மகள். "ஜில்லுன்னுதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் வையி"ன்னு நான்தான் சொன்னேன் என்றார் தாய். கடைசியில் தலையணை எண்ணெயாகாமல் இருக்க ஒரு பாலிதீன் பையை விரித்து வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு அக்குளோடு இறுக்கிக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

புண்ணின் மேல்பக்கத்து நேர்க்கோடு அந்தப் பாலிதீன் பையின் மடிப்பு.

இடது தோளில் அதே தைலம், அதே கை, அதே அளவு. ஆனால் ஒத்தடமும் இல்லை, பாலிதீனும் இல்லை. வெறும் சிவப்போடு போய்விட்டது. ஒரே உடம்பில், ஒரே இரவில் இப்படி இரண்டு தோள்கள் கிடைத்தது எனக்குப் பெரிய உதவி. தைலம் மட்டுமே காரணம் என்றால் இடது தோளிலும் கொப்புளம் வந்திருக்க வேண்டும். ஒவ்வாமை என்றாலும் அப்படித்தான். அரிப்பும் முதலில் வந்திருக்கும். இவருக்கு அரிப்பே இல்லை. அப்படியானால் உப்பின் சூடு மட்டும் காரணமா? வருடக்கணக்கில் அந்த வீட்டில் அதே வாணலி, அதே உப்பு ஒத்தடம் நடந்துகொண்டுதான் இருந்தது, தைலம் இல்லாமல். ஒருநாளும் புண் வந்ததில்லை. மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் தோல் வெந்தது: செறிவான தைலம், அதன் மேல் சூடு, அதன் மேல் காற்றுப் போகாத கட்டு.

சூடு பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், மருந்து வேகமாக உள்ளே இறங்கும். பாலிதீன் போட்டால் ஆவியாகிப் போக வேண்டிய மென்தாலும் கற்பூரமும் போக வழியில்லாமல் தோல் மேலேயே தேங்கும். வியர்வையும் சேர்ந்து மேல்தோலை ஊறவைக்கும். 2012 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்துத் துறை இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலிக் களிம்புகளால் சிலருக்குத் தீப்புண் வந்திருக்கிறது. கடுமையானவற்றில் பெரும்பாலானவை மென்தால் 3 சதவீதத்துக்கு மேல், மீத்தைல் சாலிசிலேட் என்ற இன்னொரு வலி மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்த பொருட்களால் வந்தவை என்றது. களிம்பு போட்ட இடத்தில் இறுக்கிக் கட்டக்கூடாது, சூட்டுப்பையோ சுடுநீரோ வைக்கக்கூடாது என்றும் சொன்னது. இத்தகைய புண் அரிதுதான். ஆனால் நம் பக்கத்தில் தைலம் தேய்த்த கையோடு ஒத்தடம் கொடுப்பதுதான் பழக்கம். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் வைத்தியம் முழுமை என்று நினைக்கிறோம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. ஒத்தடம் கொடுக்கிறவர் முடிச்சைத் தன் உள்ளங்கையிலோ புறங்கையிலோ வைத்துப் பார்த்துத்தான் அடுத்தவர் மேல் வைப்பார். நம் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம். அன்று மகளும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஆனால் தைலம் தேய்த்த அதே கை அது. துணியில் துடைத்தாராம், சோப்புப் போட்டுக் கழுவவில்லை. சூட்டைச் சோதித்த கையும் மென்தால் கை, சூட்டை வாங்கிய தோளும் மென்தால் தோள். அந்த இரவில் சூடு எவ்வளவு என்று சொல்லக்கூடிய தோல் அந்த வீட்டில் ஒருவரிடமும் இல்லை. இவர்கள் கவனமில்லாமல் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கவனமாகத்தான் செய்தார்கள், கவனிக்க உதவும் கருவி பழுதாகியிருந்தது.

அப்புறம் அந்தப் பற்பசை. தீப்புண்ணுக்குப் பேஸ்ட் போடுவது நம் ஊரில் சகஜம். பற்பசையிலும் மென்தால் அல்லது புதினா எண்ணெய் இருக்கிறது, அதனால்தான் ஜில்லென்கிறது. மென்தாலால் வந்த புண் மேல் மறுபடி மென்தால், கூடவே நுரைப்பொருளும் சுண்ணாம்புத் தூளும். எரிச்சலை மறைத்து, புண்ணைப் பார்க்க முடியாமல் ஆக்கி, கிருமிக்கு இடம் கொடுத்தது மட்டும்தான் மிச்சம். தைலத்தால் எரிந்தால் முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும். மென்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் எண்ணெயை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, பிறகு குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும். ஐஸ் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், மை வேண்டாம். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அதே பாட்டில், வீட்டில் கைக்குழந்தை

பேசிக்கொண்டிருக்கும்போது மகளின் இடுப்பில் ஒரு குழந்தை. பிரசவத்துக்கு வந்தவர் இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. "பிள்ளைக்குச் சளி பிடிச்சா இதுல ஒரு சொட்டு மூக்குல தடவலாம்னு மதினி சொன்னாவ, இன்னும் போடல" என்றார் சாதாரணமாக. தோள் புண்ணைக்கூட நிதானமாகப் பார்த்த எனக்கு அதைக் கேட்டதும் கை நடுங்கியது.

கைக்குழந்தையின் மூக்கருகே மென்தாலோ கற்பூரமோ வைத்தால் குரல்வளை இறுகி, மூச்சு நின்றுபோகும் அனிச்சை வினை தூண்டப்படலாம். பெரியவர்களுக்கு ஒரு தும்மலோடு போய்விடும் விஷயம், சில மாதக் குழந்தைக்கு நீலம் பூத்துப்போகிற அளவுக்கு ஆகலாம். அதனால்தான் இத்தகைய களிம்புகளில் 2 வயதுக்குக் கீழே பயன்படுத்தாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். மூக்கில் மட்டும் வேண்டாம், நெஞ்சில், உள்ளங்காலில் பரவாயில்லை என்று சமாதானம் சொல்லாதீர்கள். குழந்தை கையால் தடவி வாயில் வைக்கும், கண்ணைத் தேய்க்கும். பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தால், மென்தால் கலந்த பொருளைத் தொப்புளில் போட்டதால் மஞ்சள் காமாலை கூடியதாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. மென்தாலை உடல் வெளியேற்றுவது கல்லீரல் அதைக் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்த பிறகுதான். அந்த வேலை பச்சிளம் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் முழுதாகக் கைவந்திருக்காது.

விழுங்கிவிட்டால் இன்னும் மோசம், அங்கே பயப்பட வேண்டியது கற்பூரத்துக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கற்பூரம் உள்ளே போயிருந்தால் உடனே மருத்துவமனை என்பது நச்சு மருத்துவத்தின் விதி. இந்தத் தைலத்தில் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் கற்பூரம். 10 கிலோ குழந்தைக்கு இரண்டு மில்லிக்குச் சற்று மேல் போனாலே போதும் அந்த எல்லையைத் தாண்ட. ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. சில நிமிஷங்களில் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, பால் ஊற்றக்கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். அந்த வீட்டில் பாட்டில் எங்கே இருந்தது தெரியுமா? சுளகுக்குப் பக்கத்தில், தரையில், பழைய தேன் பாட்டிலில். தவழ ஆரம்பிக்கிற குழந்தை முதலில் போவது அங்கேதான்.

பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுக்கத் தயங்கினார், அவ்வளவு காசு போட்டுச் செய்தது. காசை நான் கொடுத்தேன்.

மென்தாலை ஒதுக்கச் சொல்கிறேனா என்றால், இல்லவே இல்லை. அளவோடு வைத்தால் இவ்வளவு சாதுவான பொருள் குறைவு. ஒரு சதவீதம் கலந்த லோஷன் அரிப்பை அடக்கும். இருமல் மிட்டாயில், பற்பசையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, உணவு வழியாகத் தினமும் கிலோ எடைக்கு 4 மில்லிகிராம் வரை சேர்வதை ஏற்கிறது. 50 கிலோ ஆளுக்கு 200 மில்லிகிராம். வெற்றிலைக்குள் புதினா உப்பைக் கிள்ளிப்போட்டு மெல்லுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும், ஒரு சிட்டிகையே அதைத் தொட்டுவிடும். ஆவி பிடிக்கிற தண்ணீரில் படிகத்தைப் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதைச் செய்யவே வேண்டாம். இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மென்தாலோடு மீத்தைல் சாலிசிலேட்டும் கலந்த களிம்பை நிறையத் தேய்த்தால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக்கூடாது. புகையிலைப் பொருட்களில் மென்தால் சேர்ப்பது மட்டும் எனக்கு எந்த விதத்திலும் ஒப்பாத காரியம். புகையின் காரத்தை மறைத்து இளசுகளை ஆழமாக இழுக்க வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மென்தால் சிகரெட்டை நிறுத்தியே விட்டது.

வலிக்குத் தேய்ப்பவர்களுக்கு என் கடையில் இப்போது சொல்வது இதுதான். சதவீதம் அச்சிட்ட களிம்பை வாங்குங்கள். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். மேலே எதையும் கட்டாதீர்கள். ஒத்தடம் வேண்டுமென்றால் ஒத்தடம் மட்டும், களிம்பு வேண்டுமென்றால் களிம்பு மட்டும்; ஒரே வேளையில் இரண்டும் கிடையாது. காயம் பட்ட தோலில், கண்ணருகில் வேண்டாம். டவுனில் அந்த நாட்டு மருந்துக்கடைக்காரரிடமும் போய்ப் பேசினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பரம்பரையாக விற்கிறவர், மூன்று உப்பையும் வாங்க வருகிறவர்களிடம் எவ்வளவு எண்ணெயில் கலக்கப்போகிறீர்கள் என்று இப்போது கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் மடிக்கிறார். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்றும் கேட்கிறார்.

அப்புறம்

புண் சில வாரங்களில் ஆறியது. தோல் கறுத்த தடம் இன்னும் இருக்கிறது. வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தோள் வலி ஆறவில்லை, ஏனென்றால் தைலம் எதுவாக இருந்தாலும் அது வலியின் காரணத்தைத் தொடவே இல்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரவும், சுளகை மடியில் வைக்காமல் சின்ன மணைப்பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் உயர்த்தி வைக்கவும், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து தோளைச் சுழற்றவும் சொல்லிக்கொடுத்தார். "எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா எண்ணிக்கை குறையும் அண்ணாச்சி" என்று அந்தம்மா என்னிடம் வந்து குறைப்பட்டது உண்மைதான். கூலி எண்ணிக்கைக்குத்தானே கொடுக்கிறார்கள். பலகையை மட்டும் ஏற்றுக்கொண்டார், சுவரில் சாய்ந்து உட்காருகிறார். எழுந்திருப்பது காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை என்ற அளவில் நிற்கிறது. களிம்பு வாங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது.